நிகழாத வெடிப்பின் புகழ்

பணியிடப் பாதுகாப்பு அலுவலரின் வெற்றி ஒரு நிகழாமை. விபத்து நேர்ந்தால் அவர் பெயர் விசாரணைக் கோப்பில் ஏறும். நேராவிட்டால் எதிலும் ஏறாது. அத்தகையவர் தம் பெயரைத் தாமே பரப்பலாமா? திருக்குறள் அடக்கத்துக்கு 13ஆம் அதிகாரத்தையும் புகழுக்கு 24ஆம் அதிகாரத்தையும் தந்து, இரண்டையும் இல்லறவியலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. முரண் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியிலுள்ள முகமாலை இதற்கு நல்ல உரைகல். போர்க்கால முன்னரங்கு ஓடிய அந்த மண்ணில், ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள், பெண்கள் உட்பட, கவசமணிந்து குந்தியிருந்து, மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி மிதிவெடி தேடினார்கள். 2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது செய்தியாயிற்று; சுரண்டிய கைகள் செய்தியாகவில்லை.

ஆயினும் பெயர் வீண் என்று தள்ளவும் முடியாது. மீண்ட காணியில் தென்னம்பிள்ளை நட வருபவர், கண்ணால் காண முடியாத ஒன்றைப் பிறர் சொல்லை நம்பியே மிதிக்கிறார். அவ்விடத்தில் பெயர் அணிகலன் அன்று, பிணை. பிணைக்கும் சோதனை உண்டு: வெடி அகற்றியவரின் சொல்லோடு நிறுத்தாமல், காணியைக் கையளிக்குமுன் வேறொரு தரப்பினர் அதைப் பரிசோதிக்கிறார்கள்.