ஏழு நாள் ஓசை

பகவான் சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் தங்கியிருந்த நாளில் நடந்த கொலையொன்றை உதானம் என்னும் பாலி நூல் கூறுகிறது. சங்கத்திற்குக் கிடைத்த மதிப்பைப் பொறாத பிற சமயப் பரிவிராசகர், சுந்தரி என்னும் தம் துறவிப் பெண்ணை அடிக்கடி ஜேதவனத்திற்குப் போய்வரச் செய்தனர். அது ஊரார் கண்ணில் பட்டபின் அவளைக் கொல்வித்து, அங்கேயே குழியில் புதைப்பித்தனர். பின்னர் அவளைக் காணோமென்று அரசனிடம் முறையிட்டு, தாமே தேடி எடுத்த பிணத்தைத் தெருத்தெருவாகச் சுமந்து சென்றனர். ஊர் நம்பிற்று, பிக்ஷைக்கு வந்த பிக்ஷுக்களை வாய்க்கு வந்தபடி ஏசிற்று.

இதனைக் கேட்கும்போது நம் சினம் பரிவிராசகர் மேலேயே செல்கிறது. தெருவில் நின்றவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் கொல்லவுமில்லை, பொய்யைப் புனையவுமில்லை. பிணம் கண்ணெதிரே இருந்தது. கிடைத்த இடமும் தெரிந்தது. ஆகவே கொன்றவரும் தெரிந்துவிட்டதாகக் கொண்டனர். அவர்கள் செய்தது அவ்வளவே.

நாமும் அத்தெருவில் நின்றிருக்கிறோம். டில்லியை அடுத்த நொய்டாவில் 2008 மே 16 காலை, பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தி தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். வீட்டுப் பணியாளரைக் காணவில்லை. அவரே கொலைஞர் என்று போலீசார் தேடலாயினர். மறுநாட்காலைப் பத்திரிகைகள் அவ்வண்ணமே அச்சிட்டன. அன்று அதே வீட்டு மாடியில் அவருடைய பிணம் கிடைத்தது. கொல்லப்பட்ட மனிதர் ஒரு நாள் முழுதும் கொலைகாரராக இருந்தார்! (பெயர்களை நாம் இங்கு எழுதவில்லை; வேண்டிய மட்டும் எழுதியாயிற்று.)

காணாமற்போன பணியாளன்மீது ஐயம் எழுவது இயற்கைதானே எனலாம். அந்த இயற்கையை நாம் நன்கறிவோம். ஊரில் ஒரு பொருள் களவுபோனால் எந்தச் சேரியில் முதலில் தேடினார்கள் என்பதை நம் பாட்டன்மாரைக் கேட்டறிய வேண்டியதில்லை. பின்னர் மருத்துவ உதவியாளர் ஒருவரும் வேறு வீடுகளின் பணியாட்கள் இருவரும் பிடிபட்டனர். மயக்க மருந்து செலுத்தி அவர்களிடம் பெற்ற பேச்சு ஊரெங்கும் செய்தியாயிற்று. குற்றப்பத்திரிகை இன்றியே அவர்கள் வெளிவந்தனர். சம்மதமின்றி அத்தகைய சோதனை செய்தல் அரசியலமைப்புக்கு முரணென்று உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் தீர்ப்பளித்தது.

ஆயினும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். ஐயம் மருத்துவர்களாகிய பெற்றோர்மேல் திரும்பியபோது நம்மில் சிலர் உள்ளூர மகிழவில்லையா? வசதியுள்ளவன் மாட்டிக்கொண்டான் என்னும் அம்மகிழ்ச்சிக்கும், ஏழைதான் செய்திருப்பான் என்னும் துணிவுக்கும் வேர் ஒன்றே. இரண்டிலும் ஆளைப் பார்த்தோமேயன்றிச் செயலைப் பார்க்கவில்லை. "பத்திரிகையில் உள்ளதைத்தான் சொன்னேன்" என்பது நான்காம் சீலத்திற்கு விடையாகாது. அறியாததை அறிந்ததுபோல் உரைப்பதும் பொய்யே அன்றோ?

அன்பர் ஒருவர் நம்மை மறுத்தார்: "ஊர் வாய் திறவாவிடில் நம்மவர் கொலைக்கு நீதி ஏது? கயர்லாஞ்சியை மறந்தீரோ?" மறக்கவில்லை. மராட்டியத்தின் பண்டாரா மாவட்டத்து அச்சிற்றூரில், 2006 செப்டம்பர் 29 அன்று, பௌத்தம் தழுவிய குடும்பத்தின் தாயும் மகளும் மைந்தர் இருவரும் கொல்லப்பட்டனர். பெரும் பத்திரிகைகளில் அது பல நாள் தக்க இடம் பெறவில்லை. மக்கள் தெருவில் இறங்கிய பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. அக்குரல் வேண்டியதே. விசாரணை செய்க, சாட்சியைக் காக்க, மறைக்காதே என்று கேட்ட குரல் அது. இன்னான்தான் கொன்றான் என்று வீட்டிலிருந்தபடியே முடிவு கட்டுவது வேறு. இவ்விரண்டும் ஒரே வாயில் பிறப்பதால் வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. அன்பருக்கும் அது முற்றும் உடன்பாடாயிற்றென்று சொல்வதற்கில்லை.

வசையைக் கேட்ட பிக்ஷுக்களுக்குப் பகவான், எதிரிகளைச் சுட்டிப் பழிக்குமாறு கூறவில்லை. பொய்யுரைப்பவன் அடையும் கதியை மட்டும் நினைவூட்டுமாறு சொல்லி, இவ்வோசை ஏழு நாளில் அடங்கும் என்றார், அடங்கிற்று.

நொய்டாவின் ஓசை அவ்வாறு அடங்கவில்லை. 2013 நவம்பரில் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இடையே 2011 ஜனவரியில், காஜியாபாத் நீதிமன்ற வளாகத்திலேயே இளைஞன் ஒருவன் அத்தந்தையை வெட்டிக் காயப்படுத்தினான். அவன் அவ்வீட்டாருக்கு உறவினனல்லன், சாட்சியுமல்லன். வழக்கைப்பற்றி அவனறிந்ததெல்லாம் நாம் அறிந்த வழியிலேயே அறிந்தது.