நீள்வது தசையா, பொறுதியா?

உட்காரும்போது தரையில் பதியும் இடுப்பெலும்புப் புடைப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் தொடைப் பின்தசைகளே ஹாம்ஸ்ட்ரிங் எனப்படுகின்றன. முழங்காலை மடக்காமல் குனியும் இளைஞர்கள் ‘பிடிக்கிறது’ என்று சொல்வது இவற்றைத்தான். இதற்கு இயன்முறை மருத்துவம் பெரிதும் கையாளும் வழி நிலைநீட்சி, அதாவது வலி தொடங்குமுன் உணரப்படும் இழுவையில் உடலை ஆட்டாமல் நிறுத்துவதாகும். ஒரு முறைக்கு 30 விநாடி 15 விநாடியைவிடப் பயன் தருகிறது என்றும், 60 விநாடி அதற்கு மேல் எதையும் கூட்டுவதில்லை என்றும் பேண்டி, இரியன் என்னும் ஆய்வாளர் இருவரும் 1994இல் கண்டனர்.

மெய்யியல் கேள்வியை எழுப்புவது 1996இல் மேக்னுசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அதில் பங்கேற்றோர் மூன்று வாரம் ஒரு காலை மட்டும் நீட்டிப் பழகினர். பழகிய கால் முன்னினும் கூடுதலாக நீண்டதே தவிர, பழைய கோணத்தில் அத்தசை காட்டிய எதிர்ப்பு குறையவில்லை. தசை அப்படியே இருக்க, இழுவையைப் பொறுக்கும் உணர்வே மாறியது என்பது இதன் பொருள். மாதக்கணக்கான பயிற்சியில் தசையும் மாறக்கூடும் என்றாலும், ‘இதற்கு மேல் முடியாது’ என்று தொடக்கத்தில் தடுப்பது உடலா, மனமா என்னும் ஐயம் நீங்குவதில்லை.

உடலையும் மனத்தையும் வெவ்வேறு பொருள்களாகப் பிரித்த மெய்யியலாளர் தெக்கார்த்தின் கொள்கைக்கு இது சங்கடமான கேள்வி, இந்திய மெய்யியல் மரபான சாங்கியத்துக்கு அப்படியன்று. தசையும் மனமும் பிரகிருதி எனப்படும் ஒரே மூல இயற்கையின் விரிவுகள் என்றும், அவற்றைச் சாட்சியாகக் காணும் புருடன் மட்டுமே வேறு என்றும் அது கொள்வதால், இழுவையும் பொறுதியும் அங்கே ஒரே பக்கத்தில் நிற்கின்றன. இந்த அடித்தளத்தில் எழுந்த பதஞ்சலியின் யோகசூத்திரம் ஆசனத்துக்கு நிலைபேற்றையும் சுகத்தையும் இலக்கணமாக வைத்து, முயற்சியைத் தளர்த்துவதை அதற்கு வழியாகக் கூறுகிறது. இன்றைய ஆய்வை முனிவர்கள் அன்றே அறிந்திருந்தனர் என்று இதிலிருந்து முழங்குவது வெறும் பெருமிதம். பதஞ்சலி நாடியது மன அடக்கத்தையே, கால்விரலைத் தொடுவதை அன்று.

ஆயினும் அவர் அகிம்சையை இயமங்கள் எனப்படும் ஒழுக்க நெறிகளில் முதலாவதாக வைத்தது இங்கும் பொருந்தும். பொறுதி என்பது உணர்பவருக்குள் மெல்ல விளைவது. பிறர் கைவலிமையால் அதை விளைவிக்க இயலாது. ஆகவே குனிந்திருக்கும் மாணவனின் முதுகில் கைவைத்து அழுத்தும் வழக்கத்தை உடற்கல்வி ஆசிரியர்களும் யோகப் பயிற்சியாளர்களும் கைவிட வேண்டும்.