இரண்டு நாள் கையில் இருந்தால்

நீண்ட வார இறுதி வந்துவிட்டால் போதும், கோப்பன்ஹேகன், ஸ்டாக்ஹோம் என்று படங்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. லண்டனில் இருப்பவருக்குக் கோப்பன்ஹேகன் ஏறக்குறைய இரண்டு மணி நேர விமானப் பயணம். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடலாம். கோலாலம்பூரில் இருக்கும் நமக்கோ, போக வரவே இரண்டு நாள் ஓடிவிடும். அதனால் "பெரிய லீவு கிடைக்கட்டும், பார்க்கலாம்" என்று சொல்லியே வருஷங்களைக் கடத்துகிறோம். கையிலிருக்கும் சனி ஞாயிறு ஓவர்டைமிலும் பேரங்காடியிலும் கரைந்துவிடுகிறது. ஓய்வுக்கு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு கே.எல். சென்ட்ரல் நடக்கிற தூரம். அங்கே கொமுட்டர் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கிள்ளான். ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கடைகளைத் தாண்டி நடக்கலாம். வாழை இலைச் சாப்பாட்டை அவசரமில்லாமல் சாப்பிடலாம். 1857இல் கட்டிய கெடோங் ராஜா அப்துல்லா என்ற பழைய கட்டடத்தைப் பார்த்துவிட்டு, வெயில் தணிந்ததும் கோத்தா பாலத்தின் கீழ்த்தட்டில் ஆற்றைக் கடக்கலாம். மறுநாள் போர்ட் கிள்ளானில் படகேறினால் பூலாவ் கெத்தாம்.

சேற்றில் ஊன்றிய கால்கள்மேல் நிற்கும் மீனவர் ஊர் அது. கார் கிடையாது, சைக்கிள்தான். குறுகலான பாதையில் ஒரு பெரியவர் பேத்தியைப் பின்னால் உட்காரவைத்து மணியடித்துக்கொண்டே வந்தார். எதிரே இன்னொரு சைக்கிள். இருவரும் இறங்கவில்லை, தலையசைத்துவிட்டு, கைப்பிடிகள் உரசாமல் விலகிப் போனார்கள்.

கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்களுக்கு ஒரு காலத்தில் இந்தச் சிறு சுதந்திரம்கூட இல்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கியாக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது போன்ற பல கோரிக்கைகளோடு இந்த மூன்றையும் முன்வைத்தார்கள்: பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும், உறவினர்கள் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் போக உரிமை வேண்டும். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்த மூன்று கோரிக்கைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வார இறுதி தெரிகிறது. வேலை முடிந்தபின் மிஞ்சும் பொழுது, வீடு தேடி வரும் உறவு, தலைநிமிர்ந்து ஊரைச் சுற்றும் உரிமை. கூலி உயர்வுக்குச் சமமாக இவற்றையும் அவர்கள் கேட்டார்கள் என்பது என்னை உலுக்குகிறது. ஓய்வும் மானமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டென்மார்க்கில் இன்று வழக்கமான வேலை வாரம் 37 மணி நேரம். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி உச்சவரம்பு 48 மணி நேரத்திலிருந்து 45 ஆகக் குறைந்திருக்கிறது. குடும்பம் நடத்த வேறு வழியில்லாமல் ஓவர்டைம் பார்ப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கூலி போதவில்லை என்பதுதான் அங்கே குறை. ஆனால் வசதி இருந்தும் ஓய்வு நாளைக் குற்ற உணர்ச்சியோடு கழிப்பவர்கள் நம்மில் ஏராளம். சும்மா இருப்பது சோம்பல் என்று பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். ஞாயிறு முழுக்க டியூஷனில் அடைக்கிறோம்.

கோப்பன்ஹேகன் போக வாய்த்தால் சந்தோஷமாகப் போய்வாருங்கள். அதற்காகக் காத்திருந்து கையிலிருக்கும் இரண்டு நாளை இழக்காதீர்கள். வரும் சனிக்கிழமை பிள்ளைகளைக் கிள்ளானுக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போங்கள். 1941இல் அங்கே என்ன நடந்தது என்று அந்த மண்ணிலேயே வைத்துச் சொல்லுங்கள். ஓய்வு நமக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.