குணம் யார் கொடுத்தது?

மனநோய் கண்டவரைக் கோயிலுக்கு அழைத்துப் போவது மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள், 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வைப் படிக்க வேண்டும். மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். குணமாக்குவதற்கென்று தனிச் சடங்கு எதுவும் அங்கே நடக்கவில்லை. காலையில் பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சின்னச் சின்ன வேலைகள். துணைக்கு வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். சராசரியாக ஆறு வாரம் இருந்தார்கள். புறப்படும்போது நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் அது எழுப்பும் கேள்வி பெரியது. குணம் கொடுத்தது சாமியா, அந்த இடத்தின் அமைதியா, பக்கத்திலேயே இருந்த தாயா, கணவனா?

பக்தரைக் கேட்டால் இந்த மூன்றையும் பிரிக்கவே மாட்டார். தாயின் கை வழியாகவும் சாமி வரும் என்பார். மருத்துவர் அளக்க முடிந்ததைச் சொல்வார்: ஒழுங்கான நாள், உறவின் துணை, துரத்தாத ஊர். இரண்டாவது விளக்கம் முதலாவதைப் பொய்யாக்கிவிடுவதில்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் சேர்த்துத்தான் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. ஆறு வாரமும் உடன் தங்கிய அந்த வீட்டார் வள்ளுவர் கணக்கில் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

அந்த நான்காவது கூறு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவை ஒட்டித் தனியார் காப்பகங்கள் பெருகியிருந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும் தங்கள் வீட்டு நோயாளிகளை அங்கே விட்டுச் சென்றார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியை எந்த மதமும் கேட்கவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று பின்னர் தடை விதித்தது.

நோய்க்குக் காரணம் ‘செய்வினை’ என்று நம்பும் குடும்பத்தை இழிவாகப் பார்ப்பதும் தவறு. அந்த விளக்கத்தில் ஓர் இரக்கம் இருக்கிறது: பழி நோயாளிமேல் விழுவதில்லை, “அவன் அப்படிப்பட்டவன் இல்லை, எதுவோ அவனைப் பிடித்திருக்கிறது” என்று தாய் மகனைக் காப்பாற்றிக்கொள்கிறாள். ஆனால் அந்த நம்பிக்கையிலேயே மாதங்கள் கழிந்துவிட்டால் சேதம் உண்மையானது. மனச்சிதைவுக்குச் சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் அளவுக்கு மீள்வதும் கடினமாகிறது.

தர்காவில் அடங்கியிருக்கும் இறைநேசர் பாதுஷா கனவில் வந்து ‘உத்தரவு’ தந்த பிறகே ஊர் திரும்புவது ஏர்வாடி வழக்கம். பின்னர் அங்கே வந்த ‘தவா-துவா’ திட்டம் அந்த நம்பிக்கையோடு மோதவில்லை. தவா மருந்து, துவா பிரார்த்தனை. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவரும் மாத்திரையும் கிடைக்கின்றன. சிகிச்சை தேடும்படி நபிகளே சொன்னதாக ஹதீஸ் இருப்பதால், மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவு என்ற தயக்கத்துக்கு மார்க்கத்துக்குள்ளேயே பதில் உண்டு. உத்தரவுக்குக் காத்திருக்கும் குடும்பம் தொடர்ந்து காத்திருக்கலாம். அந்த நாட்களில் நோயாளிக்கு மருந்தும் வேலை செய்துகொண்டிருக்கும்.