என் விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்

ஒளி நன்மை, இருள் தீமை என்று இளமை முதல் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஒளி மிகுந்தால் நன்மையும் மிகும் என்று அதிலிருந்து எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை என் சொந்தக் காரே எனக்குக் கற்பித்தது.

கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் செல்லும் சாலையில் இரவில் அடிக்கடி பயணம் செய்கிறவன் நான். ஐம்பதைக் கடந்த கண்கள். போதாக்குறைக்குக் குறுக்கே வரும் ஆடுமாடுகள். காருடன் வந்த 60/55 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு, 100/90 வாட் பல்புகளை மாட்டிக்கொண்டேன். பாதை பகல்போல் தெரிந்தது. என் பணம், என் கார், என் குடும்பத்தின் பாதுகாப்பு; இதில் பிறருக்கு என்ன நட்டம் என்று மனம் நியாயம் பேசிற்று.

சில நாள் கழித்து, ஓர் இரவு பேருந்திலிருந்து இறங்கி, என்னை அழைத்துச் செல்ல வரும் மகனுக்காகச் சாலையோரம் நின்றிருந்தேன். ஒரு கார் வந்தது. அதன் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கண்ணைக் கையால் மறைத்து, ஒதுங்க இடம் தெரியாமல் தடுமாறினேன். "பிறரை எண்ணிப் பாராத மனிதன்!" என்று வாய் முணுமுணுத்தது. கார் அருகில் வந்து நின்றது. "ஏறுங்க வாப்பா" என்றான் மகன்.

நான் முணுமுணுத்த சொல் எவரைச் சேரும்?

பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் தம் ஒளிநூலில், கடும் ஒளியை நோக்கும் கண் வேதனையுறுவதைச் சுட்டிக் காட்டுகிறார். வலிய ஒளி மெலிந்த ஒளியை மறைத்துவிடும் என்பதற்கு, பகலில் விண்மீன்கள் தெரியாமையைச் சான்றாக்குகிறார். காண உதவும் பொருளே காட்சியைப் பறிக்கவும் வல்லது.

என் பழைய பல்பை எடுத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு இழைகள். தாழ்ந்த ஒளி தரும் இழையின் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம். எதிரே வருபவர் கண்ணுக்கு எழும்பக்கூடிய கதிர்களை அது தடுத்து நிறுத்துகிறது. ஆகவே ஒளியைப் பரப்புவது போலவே அதற்கு வரம்பு கட்டுவதும் விளக்கின் தொழில். இந்த இழைக்கென அமைத்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் வடிவும் மாறிப்போய், அவ்வரம்பு குலைந்துவிடக்கூடும்.

அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மூன்று நொடி கண் கூசிப்போனால், 50 மீட்டர் தூரத்தைக் காணாமலே கடக்கிறார். முதியவரின் கண் தெளிய இன்னும் நேரமாகும். அந்த 50 மீட்டருக்குள் நடப்பவர் எவரோ, நாம் அறியோம்.

"எதிரே வருபவர் மட்டும் வலிய பல்பு போடலாமோ?" என்று கேட்கலாம். அவர் கூட்ட, நான் கூட்ட, என்னைக் கண்டு மூன்றாமவரும் கூட்டுவார். முடிவில் எல்லாருடைய விளக்கும் பிரகாசமாயிருக்கும். எதிர்ப்படும்போது எவர் கண்ணும் தெளிவாயிராது. இருளில் வழி தெரிய வேண்டும் என்ற தேவை உண்மையானதே. எனக்குள்ள ஆபத்தை முகமறியா ஒருவர் தலைக்கு மாற்றிவிட்டு, அதைப் பாதுகாப்பு என அழைக்கலாமா என்பதே வினா. முகப்பு விளக்கு எதிரிலுள்ளவர் கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கி அமைய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. விதி இல்லாவிடினும் மனச்சாட்சி அதையே கூறும்.

பழைய பல்புகளையே மீண்டும் மாட்டினேன். மங்கிய விளக்குக் கண்ணாடியைத் துலக்கி, ஒளியின் சாய்வைச் சரி செய்து, என் கண்ணையும் மருத்துவரிடம் காட்டினேன். வேகத்தைக் குறைத்தேன்.

என் சிறுவயதில் கார் விளக்குகளின் நடுவே கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். எதற்கு இந்த அழுக்கு என்று அன்று எண்ணியதுண்டு. எதிரே வருபவருக்காகத் தம் ஒளியில் சிறிது விட்டுக்கொடுத்த அடையாளம் அது என்று இன்று விளங்குகிறது. இப்போது வீடு சேரச் சற்றுத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் நான் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.