சமமற்ற கைகள்

'சீர்தூக்கிப் பார்ப்பது', 'எடை போடுவது' என்று விமர்சனத்துக்கு நாம் புழங்கும் வார்த்தைகள் பலவும் தராசிலிருந்து வந்தவை. வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமை சொன்னார்: முதலில் தான் சமமாக நின்று, பிறகு தன்மேல் வைத்ததைத் தூக்கிக் காட்டுவது. நாமோ சமமாக நிற்பதை ஒரு குணம் என்று, சிலருக்கு வாய்த்து மற்றவர்க்கு வாய்க்காத ஒன்று என்று, எடுத்துக்கொண்டுவிட்டோம். அதனால் இலக்கிய உலகில் இரண்டு குரல்களே ஓங்கிக் கேட்கின்றன. 'நான் பாரபட்சமற்றவன்' என்பது ஒன்று. 'பாரபட்சமற்றவன் எவனுமில்லை, ஆகவே தரம் என்ற பேச்சே வேண்டாம்' என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: கோணலான தராசால் சரியாக நிறுக்க முடியாது. இந்த நம்பிக்கை தவறு.

கொட்டிவாக்கத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் பழைய இரட்டைத்தட்டு ஆய்வகத் தராசு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியோடு காப்பாற்றி வருகிறார். கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்ச உள்ளே ஒரு கிண்ணத்தில் கால்சியம் குளோரைடு. பித்தளைக் கோலின் நடுவில், கீழ்நோக்கிய அகேட் கல் கத்திமுனை ஒன்று அகேட் தகட்டின்மேல் அமர்கிறது. இரு நுனிகளிலும் மேல்நோக்கிய கத்திமுனைகள்; அவற்றில் தட்டுகள் தொங்குகின்றன. நடுவிலிருந்து இறங்கும் நீண்ட முள் அளவுகோட்டின் முன் ஆடுகிறது. இந்த வகைத் தராசு 200 கிராம் வரை தாங்கும். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். இருபது லட்சத்தில் ஒன்று. அத்தனை துல்லியமாக இரு கைகளையும் ஒரே நீளத்தில் கடைந்து தருவதை எந்தப் பட்டறையிடமும் எதிர்பார்க்க முடியாது. கடைந்து தந்தாலும், ஒரு பக்கம் சற்றே சூடேறினால் அந்தக் கை நீண்டுவிடும்.

காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதையின் பெயரால் வழங்கும் முறை கைகளைத் திருத்த முற்படுவதே இல்லை. பொருளை இடத்தட்டில் வைத்து ஒருமுறை நிறுக்க வேண்டும். வலத்தட்டுக்கு மாற்றி மறுமுறை. முதலில் 10.0004 கிராம், அடுத்து 10.0002 கிராம் என்று வந்தால் உண்மை எடை 10.0003. ஒருமுறை கூட்டிய கோணல் மறுமுறை கழித்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர் போர்தாவின் முறை இன்னும் எளியது. ஒரு தட்டில் பொருள். மறுதட்டில் மணலோ ஈயக்குண்டோ போட்டுச் சமன் செய்துகொள்வது. பிறகு பொருளை எடுத்துவிட்டு, அதே தட்டில் எடைக்கற்களை வைப்பது. இரண்டும் ஒரே கையில் தொங்குவதால் கையின் குறை இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கிறது. தராசு கோணல் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்ட முறைகள் இவை.

நண்பனின் கவிதையில் 'எளிமை' என்று பாராட்டியதை எதிர்முகாம்காரனின் கவிதையில் 'தட்டை' என்று எழுதியிருப்போமா? பெயர்களை இடம் மாற்றி மறுபடி வாசித்தால் தெரிந்துவிடும். வங்கியில் கடன் மனுக்களைப் படிக்கிறவனுக்கும் இதே சோதனைதான். அழுக்கு வேட்டியோடு வந்தவரிடம் கேட்ட கேள்வியைக் காரில் வந்தவரிடமும் கேட்டோமா? இதற்கு மகானாக இருக்க வேண்டியதில்லை. இருமுறை நிறுக்கும் பொறுமை வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு? காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும் அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் ராலே பிரபு நிறுத்தபோது இரண்டும் ஒத்துவரவில்லை. தன் பிழையோ என்று பார்த்தார், பிழை அகப்படவில்லை. 1892இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, வேதியியலாரிடம் விளக்கம் கேட்டார். வித்தியாசத்தை மழுப்பாமல் அதைப் பெரிதாக்க வழி தேடினார். கடைசியில் ஒரே கண்ணாடிக் குடுவையில் ஒன்று 2.310 கிராம், மற்றது 2.299 கிராம்; இடையே 11 மில்லிகிராம். காற்றில் அதுவரை யாரும் அறியாத வாயு ஒன்று இருந்தது. 1894இல் அவரும் ராம்ஸேயும் அறிவித்த ஆர்கான் அதுதான். தன் கோணலைக் கழித்துவிட்ட பின்னும் மிஞ்சுகிற வித்தியாசம் உலகத்துக்குச் சொந்தமானது. அதைக் காணத்தான் இந்தப் பாடு.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். தட்டு மாற்றி நிறுப்பதால் கையின் கோணல் தீரும். எடைக்கல்லின் குறை தீராது. எடைக்கல்லை இன்னொரு கல்லோடுதான் ஒப்பிட முடியும். அப்படி ஒப்பிட்டுக்கொண்டே போனால் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலுள்ள 57ஆம் எண் கிலோகிராம் படியில் போய் நின்றது. அதன் மூலம் பாரிஸ் அருகில் இருந்தது. 2019 மே 20 முதல் அந்தப் பொறுப்பும் உலோகத் துண்டிலிருந்து பிளாங்க் மாறிலிக்கு மாறிவிட்டது. இலக்கியத்தில் அப்படிப்பட்ட மாறிலி எதுவும் கிடையாது. ஆங்கில இலக்கியம் படித்த என் பெட்டியிலுள்ள கற்களில் பாதி கடல் கடந்து வந்தவை. அவற்றை நம் கற்களோடும், நம்முடையதை அவற்றோடும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது தவிர வேறு வழி தெரியவில்லை.

அதற்காக நிறுக்காமல் இருக்க முடியாது. தராசின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பாதவரை கோல் முட்டுகளின்மேல் தூங்கும், கத்திமுனை தேயாது, முள் பூஜ்யத்திலேயே நிற்கும். 'தீர்ப்பே வேண்டாம்' என்பவர்களின் நடுநிலை இது. திருகைத் திருப்பினால் முள் ஆடத் தொடங்கும். அது ஓயும்வரை காத்திருப்பதுமில்லை. இருபுறமும் அது எட்டித் திரும்பும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஓயுமிடத்தைக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.