குயவன் ஊரைவிட்டுப் போகலாமா?

பானை உதாரணம் எனக்குப் போதவில்லை. சைவ சித்தாந்தம் படிக்க உட்கார்ந்தால் அது வந்துவிடும்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம், அதற்கு நேரே மாயை, சக்தி, சிவன். சரிதான். ஆனால் பானையைச் சுட்டு எடுத்த குயவன் மறுநாளே ஊரைவிட்டுப் போனாலும் பானை பானையாகத்தானே இருக்கிறது? சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவதே, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காட்டித்தான் அதற்கு ஒருவன் வேண்டும் என்கிறது. தோன்றுவதற்கு ஒருவன் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நிற்பதற்கு எதற்கு?

அதை எழுதிய மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர் எங்களுக்குத் தூரமில்லை. அந்தப் பக்கத்துப் பெண்ணையாற்றுத் தண்ணீர்தான் பங்காரு வாய்க்கால் வழியாக எங்கள் பாகூர் ஏரிக்கு வருகிறது. அந்த உரிமையில் வேறோர் உதாரணம் வைக்கிறேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய பெரியப்பா விட்டுப்போன ஐஸ்கிரீம் மிஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. மரவாளி, நடுவில் தகரக் குவளை, அதற்குள் துடுப்பு, மேலே கைப்பிடி. வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேருக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது அதை இறக்குவேன். எருமைப்பாலை முதல் நாளே சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஆறவைத்துவிடுவேன். மீனுக்கு ஐஸ் கொடுக்கிற கம்பெனியில் ஒரு பார் வாங்கி, கோணியில் சுற்றி, உலக்கையால் நாலு போடு. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு மரக்காணத்துக் கல் உப்பு.

உப்பு பட்ட ஐஸ் பூஜ்ய டிகிரிக்குக் கீழேயும் உருகப் பார்க்கிறது. உருக வெப்பம் வேண்டுமே, அதைப் பாலிடமிருந்து பிடுங்குகிறது. உப்பும் ஐஸும் சரியாகச் சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை போகும். குவளையின் சுவரில் முதலில் உறைவது பாலிலுள்ள தண்ணீர்தான். துடுப்பு அதைச் சுரண்டி உள்ளே தள்ள வேண்டும், கூடவே காற்றையும் அடித்து ஏற்ற வேண்டும். கை ஓய்ந்தால் ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து நாக்கில் நறநறக்கும். பால் அதேதான், குளிரும் அதேதான். ஆனாலும் அது ஐஸ்கிரீம் இல்லை.

முடிந்த பிறகாவது விடுதலை உண்டா என்றால் அதுவும் கிடையாது. ஃப்ரீசரில் வைத்தாலும், குளிர் கொஞ்சம் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துகொள்ளும். கரண்ட் போய் உருகினால் காற்று ஓடிவிடும். கிண்டாமல் மறுபடி உறையவைத்தால் கிடைப்பது பால்கட்டி. ஆக, இந்தப் பொருள் இருப்பதே யாரோ விடாமல் பார்த்துக்கொள்வதால்தான். காத்தல் என்பதைப் படைத்தலுக்குப் பிறகு வரும் ஓய்வாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ அதுதான் பெரிய வேலை என்று படுகிறது.

எங்கள் ஓதுவார் ஐயாவிடம் இதைச் சொன்னேன். கிண்ணத்தை வழித்துக்கொண்டே கேட்டார்:

“காத்து ரெண்டு வருஷம் வெச்சிருப்பீங்களா டீச்சரம்மா?”

“சாப்பிடத்தானே ஐயா செய்யறது.”

“அப்போ உங்க காத்தல் சாப்பிடுற வரைக்கும்தான். உடம்பும் உலகமும் உயிருக்குக் கொடுத்தது அனுபவிச்சு வினை கழியத்தான். கழிஞ்சா ஒடுக்கம். பானையும் சட்டியும் எதுக்கு, ஆக்கித் தின்னத்தானே?”

நியாயம்தான். இருந்தாலும் பானை தின்பவனுக்காகக் காத்திருக்கும், இது காத்திருக்காது. அந்த அவசரம் பானை உதாரணத்தில் இல்லை என்றேன். அவர் ஒப்பவில்லை. உதாரணத்தை எல்லாப் பக்கமும் இழுத்தால் கிழிந்துவிடும் என்றார்.

நான் உப்பைப் பற்றிக் கேட்டேன். சக்கரம் பானை செய்த பிறகும் தேயாமல் நிற்கிறது. உப்போ கரைந்து, ஒரு துளிகூடப் பாலுக்குள் போகாமல், போனால் எல்லாமே பாழ் என்ற நிபந்தனையோடு வேலை செய்கிறது. இது எந்தக் காரணத்தில் சேரும்? துணைக்காரணம்தான், சந்தேகமே வேண்டாம் என்றார். இன்னொரு கிண்ணம் வைத்துவிட்டு, கரைந்துபோவதும் துணைதானா என்று மறுபடி கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மூலநாதர் கோவிலில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.